அடைபட்ட நீரில் பெருங்கப்பல்கள்

வெனிஸ் நகரைச் சுற்றிக் கிடக்கும் காயலின் பரப்பு சுமார் 550 சதுர கிலோமீட்டர். அதன் சராசரி ஆழம் ஒரு மீட்டரை ஒட்டியதுதான். வெட்டி ஆழப்படுத்திய கால்வாய்களை விட்டு விலகினால், பல இடங்களில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்துவிடலாம். இந்த நீரின் வழியே, 2021 கோடை வரை, 300 மீட்டர் நீளமும் 60 மீட்டர் உயரமும் கொண்ட சொகுசுக் கப்பல்கள் நகரின் நடுவே போய்வந்தன. சான் மார்கோ சதுக்கத்தைக் கடந்து கியுடெக்கா கால்வாயில் அவை நகரும்போது, கரையோர வீடுகளின் கூரைகளுக்கு மேலே இன்னும் பல மாடிகள் உயர்ந்து தெரியும். 2019-இல் மட்டும் ஏறக்குறைய 16 லட்சம் பயணிகள் அந்தத் துறைமுகத்துக்கு வந்துபோனார்கள்.

அந்த ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி, ‘எம்எஸ்சி ஓப்பரா’ என்ற கப்பல் கட்டுப்பாட்டை இழந்து சான் பாசிலியோ துறைமேடையில் மோதியது. அங்கே கட்டியிருந்த சுற்றுலாப் படகு ஒன்றும் இடிபட்டது. சிலர் காயமடைந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. கரையில் இருந்தவர்கள் அலறி ஓடும் காட்சியை உலகமே பார்த்தது. விபத்து என்றால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறோம். எந்தக் கப்பலும் எதன்மீதும் மோதாமல், அட்டவணைப்படி வந்து, பயணிகளை இறக்கி ஏற்றிக்கொண்டு மாலையில் கிளம்பிவிடும் சாதாரண நாளில் அந்த நீருக்கும் காற்றுக்கும் கரைக்கும் என்ன நேர்கிறது? இந்தத் தொழில் கடலோர ஊர்களின் தலையில் ஏற்றிவைக்கும் சுமையில் பெரும்பகுதி அந்தச் சாதாரண நாட்களில்தான் சேர்கிறது.

1970-இல் உலகெங்கும் சொகுசுக் கப்பலில் பயணம் போனவர்கள் சுமார் 5 லட்சம் பேர். 2024-இல் இந்த எண்ணிக்கை 3 கோடியே 46 லட்சம். அதே ஆண்டு ஜனவரியில் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ 365 மீட்டர் நீளமுள்ளது. 7,600 பயணிகள் வரை ஏற்றும். ஊழியர்கள் 2,350 பேர். கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் அதில் குளிக்கிறார்கள், உண்கிறார்கள், துணி வெளுக்கிறார்கள், குளிரூட்டிய அறையில் உறங்குகிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் வேண்டிய ஆற்றல் அந்தக் கப்பலுக்குள்ளேயே எரிகிறது. எஞ்சும் கழிவும் அதற்குள்ளேயே சேர்கிறது.

சரக்குக் கப்பல் வசதியான துறைமுகத்தைத் தேடிப் போகும். சொகுசுக் கப்பல் அழகான கரையைத் தேடிப் போகும். அழகான கரை என்று மனிதர்கள் காசு கொடுத்துப் பார்க்கப்போகும் இடங்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்: வெனிஸ் காயல், நார்வேயிலும் அலாஸ்காவிலும் மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்த குறுகிய நீர்ச்சந்துகள், கரீபியத் தீவுகளின் பவள விரிகுடாக்கள், எரிமலை வாய்க்குள் கடல் புகுந்து உருவான சான்டொரினி. பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் அடைபட்ட நீர்நிலைகள். மலையோ, மணல்திட்டோ, பவளத்திட்டோ அரணாக நிற்பதால்தான் அங்கே நீர் அமைதியாக இருக்கிறது. கரையும் அழகாக இருக்கிறது. அந்த அரண்தான் உள்ளே விழும் அழுக்கை வெளிக்கடல் சீக்கிரம் எடுத்துப் போகாமலும் தடுக்கிறது. ஆழம் குறைவு, நீர் மாறும் வேகம் குறைவு, மேலே காற்றோட்டமும் பல இடங்களில் குறைவு. தாங்கும் திறன் மிகக் குறைந்த இடங்களுக்கு, உலகின் மிகப்பெரிய பயணிகள் கப்பல்கள் விரும்பிப் போகின்றன. இந்தத் தொழிலின் சூழல் கணக்கை இங்கிருந்து தொடங்கவேண்டும் என்பது என் எண்ணம். ‘ஒரு கப்பல் இவ்வளவு கழிவு’ என்று மட்டும் எண்ணினால், அது எந்த நீரில் விழுகிறது என்பது மறைந்துவிடுகிறது.

வெனிசில் முதலில் அடிபடுவது தரை. ஒடுங்கிய வாய்க்காலில் எருமை இறங்கி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்னே தண்ணீர் உயரும். விலாவின் இரு பக்கமும் விரைந்து பின்னோக்கி ஓடும். வெட்டிய கால்வாயில் பெருங்கப்பல் போகும்போதும் இதுவே நடக்கிறது. கப்பல் தள்ளிய நீர் அதன் பக்கவாட்டில் கிடைக்கும் கொஞ்ச இடைவெளி வழியே பின்னால் போயாக வேண்டும், ஆகவே வேகமெடுக்கிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. கப்பலின் இரு மருங்கிலும் நீர்மட்டம் சட்டென்று தாழ்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் டேனியல் பெர்னூலி வகுத்த விதி இது. 

தாழ்ந்த நீர்மட்டம் ஒரு பள்ளம்போலக் கப்பலுடன் நகர்ந்து, கால்வாயின் விளிம்பைத் தாண்டி ஆழமில்லாத திட்டுகளின் மேல் பரவுகிறது. அங்கே நீர் முதலில் கரையைவிட்டுப் பின்வாங்கும். பிறகு பள்ளத்தின் பின்விளிம்பு செங்குத்தாகி, சுவர்போல எழுந்து திரும்பி அடிக்கும். அடித்த வேகத்தில் அடிச்சேறு கிளம்பி நீரில் மிதக்கும். இந்தக் காயலில் கப்பல் அலைகளை அளந்த ஆய்வாளர்கள், கப்பல் கடந்த பிறகு நீரில் மிதக்கும் வண்டலின் அளவு வழக்கத்தைவிட 30 மடங்கு வரை உயர்வதைக் கண்டார்கள். கிளம்பிய சேறெல்லாம் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. ஒரு பங்கு கால்வாய்க்குள் வழிந்து இறங்குகிறது. கால்வாய் தூர்ந்தால் கப்பல் போகமுடியாது, எனவே தூர்வாருகிறார்கள். தூர்வாரினால் மறுபடி பக்கத்துத் திட்டிலிருந்து சேறு இறங்குகிறது.

காயலின் மேற்கே, மலமோக்கோ வாயிலிலிருந்து மர்கேரா தொழிற்பேட்டைக்கு 1960-களில் ஓர் ஆழமான கால்வாய் வெட்டினார்கள். எண்ணெய்க் கப்பல்களுக்காக வெட்டியதால் ஊர்மக்கள் அதை ‘எண்ணெய்க் கால்வாய்’ என்றே சொல்கிறார்கள். அதன் ஓரத்தில் உள்ள ஒரு கரைப்பகுதியின் பழைய வரைபடங்களையும் வான்படங்களையும் ஒப்பிட்டு 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. 1974 முதல் 2015 வரை அந்தக் கரை ஆண்டுக்குச் சராசரியாக 3 முதல் 4 மீட்டர் பின்வாங்கியிருக்கிறது. 1968-இலிருந்து கணக்கிட்டால் அங்கிருந்து காணாமல்போன மண் சுமார் 12 லட்சம் கன மீட்டர். அதற்குக் காரணம் கப்பல் அலைகள் என்பது ஆய்வின் முடிவு. அந்தக் காலத்தில் அங்கே ஓடியவை பெரும்பாலும் சரக்குக் கப்பல்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அதைச் சொல்லக் காரணம் உண்டு. 2012 ஜனவரியில் ‘கோஸ்டா கான்கார்டியா’ என்ற சொகுசுக் கப்பல் இத்தாலியின் ஜில்யோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்த பிறகு, பெருங்கப்பல்களை வெனிசின் நடுவே விடக்கூடாது என்ற குரல் வலுத்தது. அரசாணை ஒன்று வந்தது. மாற்றுப் பாதை இல்லை என்று அது ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. அழிவின் விளிம்பிலுள்ள உலகப் பாரம்பரியக் களங்களின் பட்டியலில் வெனிசைச் சேர்க்கலாமா என்று யுனெஸ்கோ ஆலோசித்த நேரத்தில், 2021 ஜூலையில், இத்தாலிய அரசு முடிவெடுத்தது. 25,000 டன் கொள்ளளவுக்கு மேற்பட்டவை, 180 மீட்டருக்கு மேல் நீளமானவை, நீருக்கு மேல் 35 மீட்டருக்கு அதிக உயரமுள்ளவை ஆகஸ்டு 1 முதல் கியுடெக்கா கால்வாய்க்குள் வரக்கூடாது. இது பெரிய வெற்றி. போக்குவரத்தும் சூழலும் குறித்து இயங்கும் ஓர் ஐரோப்பிய அமைப்பின் கணக்குப்படி, வெனிஸ் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல்களின் கந்தக மாசு 2019-உடன் ஒப்பிட 2022-இல் 80 சதவீதம் குறைந்தது.

ஆனால் கப்பல்கள் மறைந்துவிடவில்லை. சில ட்ரியெஸ்டே, ராவென்னா துறைமுகங்களுக்குப் போயின. சில மர்கேராவுக்கு வந்தன. அதே எண்ணெய்க் கால்வாய் வழியாக. சான் மார்கோவின் முன்னால் அடித்த அலை, யாரும் படமெடுக்காத சேற்றுத்திட்டுகளின்மேல் அடிக்கத் தொடங்கியது. அந்தத் திட்டுகளும் உவர்ச் சதுப்புகளும் காயலின் உயிர்நாடி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 180 சதுர கிலோமீட்டர் இருந்த சதுப்பு, இன்று 50-க்கும் கீழே. மீன்குஞ்சு வளர்வதும், பறவை கூடுகட்டுவதும், அலையின் வேகம் மட்டுப்படுவதும் அங்கேதான். மர்கேராவையும் பழைய துறைமுகத்தையும் இணைக்கும் வேறொரு கால்வாயைத் தூர்வாரி, கப்பல்களை மறுபடி நகரின் ஓரத்துக்குக் கொண்டுவரும் திட்டமும் பேசப்படுகிறது. மர்கேராவின் வேதித் தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகள் நச்சைக் கலந்த சேறு அது. அதைக் கிளறினால் என்ன மேலே வரும் என்று சூழல் இயக்கத்தினர் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலை.

வெனிசில் நடந்ததை மனத்தில் வைத்துக்கொண்டு புகைக்கூண்டைப் பார்க்கலாம்.

துறையில் நிற்கும் சொகுசுக் கப்பலின் இயந்திரம் ஓய்வதில்லை. விளக்கு, குளிரூட்டி, சமையலறை, சலவை, நீச்சல் குளம் எல்லாவற்றுக்கும் சேர்த்து பெரிய கப்பல் ஒன்றுக்குச் சுமார் 10 மெகாவாட் தேவைப்படலாம். காலை முதல் மாலைவரை, ஊரின் நடுவே, அது எரித்துக்கொண்டே நிற்கிறது. பெருங்கப்பல்கள் நெடுங்காலம் எரித்தது கனரக எண்ணெய். சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோலும் டீசலும் பிரித்தெடுத்த பிறகு அடியில் தங்கும் தார்போன்ற கசடு. அதில் கந்தகம் மிகுதி. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2020 ஜனவரி முதல் கப்பல் எண்ணெயில் கந்தகத்தின் உச்சவரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்தது. உலகின் துறைமுக நகரங்களில் சுவாசிக்கும் கோடிக்கணக்கானோருக்கு அது நல்ல செய்தி.

அந்த விதியிலேயே ஒரு வழியும் திறந்திருந்தது. கந்தகம் குறைந்த விலையுயர்ந்த எண்ணெயை வாங்கலாம். அல்லது பழைய எண்ணெயையே எரித்து, புகையைக் கழுவி வெளியேற்றலாம். கழுவும் கருவிக்கு ஸ்க்ரப்பர் என்று பெயர். கடல்நீரை மேலிருந்து பீய்ச்ச, புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு நீரில் கரைந்து அமிலமாகிறது. கூடவே புகைக்கரியில் ஒட்டிய நச்சு ஹைட்ரோகார்பன்களும், வனேடியம், நிக்கல் போன்ற உலோகங்களும் நீரோடு இறங்குகின்றன. ‘திறந்த சுற்று’ வகைக் கருவியில் இந்த நீர் அப்படியே கடலுக்குப் போகிறது. ஒரு மெகாவாட்-மணி ஆற்றலுக்குச் சுமார் 45 டன் கழுவுநீர் என்பது பொதுவான கணக்கு. 10 மெகாவாட் எரியும் கப்பலுக்கு மணிக்கு 450 டன்.

கடல்நீரில் இயல்பாகவே காரத்தன்மை உண்டு. அது அமிலத்தை நடுநிலையாக்கும். திறந்த பெருங்கடலில், ஒரு கப்பலுக்கு, இந்த வாதம் செல்லும். நீர் மாறாத விரிகுடாவில் நாள்தோறும் நான்கைந்து கப்பல்கள் நின்றால் கதை வேறு. அமிலம் நடுநிலையானாலும் உலோகம் எங்கும் போய்விடாது. அடிச்சேற்றில் படியும், சிப்பியில் சேரும். மீன்களுக்கு உணவாகும் நுண்ணிய மிதவை உயிர்களின் இளம்பருவத்தை மிகக் குறைந்த செறிவிலேயே இந்தக் கழுவுநீர் பாதிப்பதை ஸ்வீடனில் நடந்த சோதனைகள் காட்டின. பால்டிக் கடலோர நாடுகள் விழித்துக்கொண்டன. 2025 ஜூலையில் ஸ்வீடனும் டென்மார்க்கும் தம் கடல் எல்லைக்குள் திறந்த சுற்றுக் கழுவுநீரைத் தடை செய்தன. காற்றைச் சுத்தமாக்கப் போட்ட விதி, அழுக்கைக் கடலுக்கு இடம்மாற்றியிருக்கிறது. கப்பல் நிறுவனங்கள் இதை ‘பசுமைத் தொழில்நுட்பம்’ என்று விளம்பரப்படுத்துவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

புதிய கப்பல்கள் பல, திரவ இயற்கை எரிவாயுவுக்கு மாறுகின்றன. ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ அப்படிப்பட்டதுதான். கந்தகம் இல்லை, கரி மிகக் குறைவு. துறைமுக நகரத்துக்கு இது உண்மையான நிம்மதி. ஆனால் இயற்கை எரிவாயு என்பது பெரும்பாலும் மீத்தேன். சொகுசுக் கப்பல்களில் பொருத்தும் வகை இயந்திரங்களில் அது முழுதாக எரிவதில்லை. ஒரு பங்கு எரியாமலே வெளியே நழுவுகிறது. கப்பல்களின் புகையைப் பறக்கும் கருவிகள்கொண்டு அளந்து 2024-இல் வெளியான ஆய்வில் இந்த நழுவல் சராசரியாக 6.4 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் எடுத்துக்கொண்ட அளவு 3.1. இருபது ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். துறைமுகத்தின் புகை வானத்தின் சூடாக மாறுகிறது.

கழிவுநீருக்கும் இதே போக்குத்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 2008-ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து கணக்கிட்டால், சொகுசுக் கப்பல் ஒன்றிலிருந்து நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 80,000 லிட்டர் மலக்கழிவு நீரும், குளியல், சலவை, சமையலறைகளிலிருந்து 6 லட்சத்து 40 ஆயிரம் லிட்டரும் வெளிவருகின்றன. கப்பல் மாசு பற்றிய சர்வதேச உடன்படிக்கையான மார்போல், சிதைத்துக் கிருமிநீக்கம் செய்த மலக்கழிவைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் விடலாம் என்கிறது. சுத்திகரிக்காததைக்கூட 12 கடல் மைலுக்கு அப்பால், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது, சிறிது சிறிதாக விடலாம். அளவில் எட்டு மடங்கு பெரிதான குளியல்-சமையல் நீரைப் பற்றி உலகளாவிய விதியே இல்லை. அதில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு, சோப்பின் பாஸ்பேட் உண்டு, செயற்கை இழைத் துணிகளிலிருந்து உதிரும் பிளாஸ்டிக் நுண்துகள் உண்டு, கிருமியும் உண்டு.

12 கடல் மைல் என்பது 22 கிலோமீட்டர். இதை நம் கடலில் வைத்துப் பார்த்தேன். 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குச் சொகுசுக் கப்பல் ஓடத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இந்திய அரசு தொடங்கிய ‘குரூஸ் பாரத்’ இயக்கம், 2029-க்குள் இந்தியாவின் கப்பல் சுற்றுலாப் பயணிகளை இரு மடங்காக்க முனைகிறது. கோடியக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 55 கிலோமீட்டர்தான். இரு கரையிலிருந்தும் 22 கிலோமீட்டரை ஒதுக்கினால், நடுவே மிஞ்சுவது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் அகலமான ஒரு பட்டை. அந்தப் பட்டையிலும் இரு நாட்டுத் தமிழ் மீனவர்களின் வலைகள் கிடக்கின்றன. கரையிலிருந்து தூரத்தை அளந்து போட்ட விதிக்கு, அடைபட்ட கடலில் பொருளே குறைந்துபோகிறது. பால்டிக்கைச் சுற்றியுள்ள நாடுகள் இதை உணர்ந்து, எவ்வளவு தொலைவானாலும் பயணிகள் கப்பல்கள் சுத்திகரிக்காத மலக்கழிவை அந்தக் கடலில் விடக்கூடாது என்ற நிலையைச் சர்வதேச விதியாகவே பெற்றுவிட்டன. அதற்கு ஈடாகத் துறைமுகங்கள் கழிவைப் பெற்றுக்கொள்ளும் குழாய்களையும் சுத்திகரிப்பையும் ஏற்படுத்திக்கொடுத்தன. பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் அப்படியொரு காப்பு வேண்டும். கப்பல்கள் பெருகிய பிறகு கேட்பதைவிட இப்போது கேட்பது எளிது.

விதி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. ‘கரீபியன் பிரின்சஸ்’ கப்பலில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், 2013 ஆகஸ்டில் இங்கிலாந்துக் கரைக்கு அப்பால், எண்ணெய்க் கசடு கலந்த நீரை வடிகருவியைத் தாண்டி நேரே கடலில் விடும் இரகசியக் குழாயைக் கண்டுபிடித்தார். கப்பல்காரர்கள் அதை ‘மேஜிக் பைப்’ என்பார்கள். அவர் கப்பலைவிட்டு இறங்கித் தகவல் சொன்னார். 2016-இல் பிரின்சஸ் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதம் செலுத்தியது. அந்தப் பழக்கம் 2005 முதலே நடந்துவந்தது விசாரணையில் தெரிந்தது. நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தபோதே மீறல்கள் தொடர்ந்ததால், 2019-இல் தாய் நிறுவனமான கார்னிவல் மேலும் 2 கோடி டாலர் கட்டியது. ஒரு பொறியாளரின் மனசாட்சி இல்லாவிட்டால் அது வெளியே வந்திருக்காது. எந்த ஆய்வாளரும் பார்க்காத கடலில், இரவில், எத்தனை குழாய்கள் திறக்கின்றன என்று கரையிலிருப்பவர்களால் அறியமுடியாது.

இந்த அவநம்பிக்கையிலிருந்து ஓர் ஊர் எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதற்கு அலாஸ்காவின் தலைநகரான ஜூனோ சாட்சி. மக்கள்தொகை 32,000-க்குள். வெளியூரிலிருந்து சாலை கிடையாது. கப்பலிலோ விமானத்திலோதான் போகலாம். குறுகிய நீர்ச்சந்தின் ஓரத்தில், செங்குத்து மலையடியில் ஊர். ஏப்ரல் முதல் அக்டோபர் வரையான பருவத்தில் இப்போது 16 லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்து இறங்குகிறார்கள். 1999-இல் ராயல் கரீபியன் நிறுவனம், அலாஸ்கா உள்ளிட்ட பல இடங்களில் எண்ணெய்க் கழிவும் வேதிப்பொருட்களும் கொட்டியதாக ஒப்புக்கொண்டு 1 கோடியே 80 லட்சம் டாலர் அபராதம் செலுத்தியது. சலவை வேதிப்பொருட்களும் படம் கழுவும் திரவங்களும் அதில் அடக்கம். கொதித்துப்போன ஜூனோ மக்கள் அதே ஆண்டு வாக்களித்து, பயணிக்கு 5 டாலர் தலைவரி போட்டார்கள். மறு ஆண்டு கப்பல்களின் கழிவுநீரைப் பரிசோதித்தபோது, சுத்திகரித்ததாகச் சொன்ன மாதிரிகளில் ஏறக்குறைய எல்லாமே தரத்துக்கு வெளியே இருந்தன. அதன்பின் கூட்டாட்சி அரசும் மாநில அரசும் சட்டம் போட்டன. கப்பல்களில் மேம்பட்ட சுத்திகரிப்பு அமைப்புகள் பரவலாக வந்ததற்கு அலாஸ்கா ஒரு முக்கியக் காரணம்.

2001-இல் ஜூனோ இன்னொன்றும் செய்தது. நின்றிருக்கும் சொகுசுக் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுத்து, அதன் இயந்திரத்தை நிறுத்திவைத்த முதல் துறைமுகம் அதுதான். நீர்மின்சாரம் அது. கம்பியைச் செருகியதும் புகைக்கூண்டு ஓய்கிறது. கழுவுநீரும் இல்லை, மீத்தேனும் இல்லை. இடம்மாற்றாமல் உண்மையாகவே குறைக்கும் ஏற்பாடுகளில் இது முதன்மையானது. ஆனாலும் அந்த வசதி இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே துறைமேடையில்தான் இருந்தது. ஊருக்குப் போக உபரி இருக்கும்போதுதான் கப்பலுக்கு. மழை பொய்த்த ஆண்டில் ஊர் விளக்குக்கே முதலுரிமை.

2006-இல் அலாஸ்கா வாக்காளர்கள் மேலும் ஒரு படி போனார்கள். ஒவ்வொரு பெருங்கப்பலிலும் சுயேச்சையான கடற்காவலர் ஒருவர் உடன் பயணித்து, குழாய்களையும் பதிவேடுகளையும் கண்காணிக்கவேண்டும் என்று வாக்களித்தார்கள். செலவைக் கப்பல் பயணிகளிடம் பெற்ற கட்டணமே ஏற்றது. ‘மேஜிக் பைப்’ போன்றவற்றுக்கு நான் அறிந்த மிகச் சிறந்த மருந்து அது. 2019-இல் மாநில ஆளுநர் அதற்கான நிதியை வெட்டினார். காவலர்கள் கப்பலை விட்டு இறங்கினார்கள். தலைவரிக்கும் சோதனை வந்தது. கப்பல் நிறுவனங்களின் சங்கம் தொடுத்த வழக்கில், அந்தப் பணத்தைக் கப்பலுக்குப் பயன்படும் பணிகளுக்குத்தான் செலவிடவேண்டும் என்று 2018-இல் நீதிமன்றம் வரையறுத்தது. ஊரின் காற்றும் அமைதியும் திமிங்கிலங்களும் இழப்பது அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

அலாஸ்கா விதிகளை இறுக்கியதால் பக்கத்துக் கடலுக்கு ஒரு விளைவு ஏற்பட்டது. சியாட்டிலிலிருந்து கிளம்பும் கப்பல்கள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியக் கரையோரமாகத்தான் வடக்கே போகின்றன. வாஷிங்டன் மாநிலத்திலும் அலாஸ்காவிலும் கெடுபிடி; நடுவே கனடாவில் தளர்வு. கழிவை அங்கே திறந்துவிடுவது வசதியாயிற்று. ஓர்க்கா திமிங்கிலங்களும் சால்மன் மீன்களும் உலவும் நீர் அது. சூழல் அமைப்புகள் பல ஆண்டுகள் போராடியபின் 2022-இல் கனடா விருப்ப விதிகளையும், 2023-இல் கரையோர 3 கடல் மைலுக்குள் கட்டாய விதிகளையும் கொண்டுவந்தது.

பவளத்திட்டுகளில் சேதம் இன்னும் நேரடியானது. கரீபியக் கடலின் கிராண்ட் கேமன் தீவில், ஒரே ஒரு சொகுசுக் கப்பல் ஒரே நாளில் போட்ட நங்கூரமும் சங்கிலியும் 3,150 சதுர மீட்டர் பவளத்திட்டை நொறுக்கியதை 1988-இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. மீள ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகும் என்பது அதன் மதிப்பீடு. கப்பல் காற்றில் சற்றே திரும்பும். கடலடியில் சங்கிலி அரைவட்டமாகப் பெருக்கும். பெரிய கப்பல்தான் ஆபத்து என்பதும் இல்லை. 2017 மார்ச்சில் இந்தோனேசியாவின் ராஜா அம்பாட்டில், நூறு பயணிகள் மட்டுமே இருந்த ‘கலிடோனியன் ஸ்கை’, நீர் வற்றும் நேரத்தில் பவளத்திட்டில் தட்டி நின்றது. இழுவைப் படகு அதை விடுவிக்க இழுத்ததில் சேதம் பெருகியது. முதலில் 1,600 சதுர மீட்டர் என்றார்கள். அளந்து முடித்தபோது 13,000-ஐத் தாண்டியது. உலகிலேயே பவள இனங்கள் மிகச் செறிந்த கடல்களில் ஒன்று அது.

கேமனில் நங்கூரத்தைத் தவிர்க்கத் துறைமேடை கட்டலாமே என்று தோன்றும். அதற்கும் கடலடியைத் தோண்டவேண்டும். தோண்டினால் கிளம்பும் சேறு பவளத்தை மூடும். இந்த இக்கட்டை அத்தீவின் மக்கள் பல ஆண்டுகள் விவாதித்து, 2025 ஏப்ரலில் நடந்த பொதுவாக்கெடுப்பில் துறைமேடை வேண்டாம் என்று தெளிவான பெரும்பான்மையோடு சொன்னார்கள். மேடை இல்லாவிட்டால் மிகப்பெரிய கப்பல்கள் அங்கே வரத் தயங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே வாக்களித்தார்கள்.

கடலோர ஊர்கள் பலவும் இப்போது எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் நிலைக்கு வந்திருக்கின்றன. சான்டொரினி நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு போட்டிருக்கிறது. பார்சிலோனா தன் ஏழு முனையங்களை 2030-க்குள் ஐந்தாகக் குறைக்க ஒப்பந்தம் செய்திருக்கிறது. ஜூனோ முதலில் நாளுக்கு ஐந்து கப்பல்கள் என்றது. கப்பல்களே பெரிதாகிக்கொண்டு போனதால் அந்த எண் காக்கவில்லை. ஆகவே 2026 முதல் நாளுக்கு 16,000 படுக்கைகள், சனிக்கிழமையில் 12,000 என்று நிறுவனங்களோடு உடன்பாடு செய்துகொண்டது. சனிக்கிழமைகளில் கப்பலே வேண்டாம் என்ற கோரிக்கை 2024 அக்டோபர் வாக்கெடுப்பில் தோற்றது. கடை வைத்திருப்பவர்களுக்கும் படகு ஓட்டுபவர்களுக்கும் அந்தப் பருவம்தான் ஆண்டு வருமானம்; அவர்கள் அஞ்சியதில் தவறு காணமுடியாது. காற்றிலிருந்து நீருக்கோ, ஒரு கால்வாயிலிருந்து இன்னொன்றுக்கோ சுமையை நகர்த்தாத வழி எண்ணிக்கையைக் குறைப்பதுதான். அதனாலேயே அதற்கு எதிர்ப்பும் மிகுதி.

ஃபுளோரிடாவின் தென்முனையில் உள்ள கீ வெஸ்ட் தீவு 2020 நவம்பரில் இதைத் தெரிந்துகொண்டது. ஆழமில்லாத கால்வாயில் கப்பல்கள் திரும்பும்போது கிளம்பும் வெண்சேறு அருகிலுள்ள பவளத்திட்டுகளை நோக்கி நீளுவதை வான்படங்களிலேயே பார்க்கலாம். பெருந்தொற்றில் கப்பல்கள் நின்ற மாதங்களில் நீர் தெளிந்ததை மீனவர்களும் படகோட்டிகளும் கண்ணால் கண்டார்கள். 1,300 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல் வரக்கூடாது என்று அறுபது சதவீதத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். அடுத்த கோடையிலேயே மாநிலச் சட்டமன்றம், கடல் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உள்ளூர் வாக்கெடுப்புகள் செல்லாது என்று சட்டமியற்றியது. நகரசபை தன் கையிலிருந்த துறைமேடைகளைப் பெருங்கப்பல்களுக்கு மூடியது. மாநில அரசின் குத்தகையில் தனியார் நடத்தும் மேடை ஒன்று மட்டும் அதன் கைக்கு எட்டவில்லை. பெருங்கப்பல்கள் இப்போது அந்த மேடைக்கு வருகின்றன.